பள்ளிக் குழுவும் பாராட்டு விழாவும்

(ஊராட்சி உறுப்பினர்களும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் கூடிய வட்டாரக் கருத்தரங்கில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



'பள்ளிக் குழுவின் மாதாந்தர அலுவல்களும் மாணவர் சாதனைகளைப் போற்றுதலும்' என்பது இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதன் பிற்பகுதியைக் கேட்டு மகிழாதார் இலர். மேடையும் தோரணமும் பரிசும் கைதட்டலும் யாருக்குக் கசக்கும்? முற்பகுதியோ அவ்வாறன்று. தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, வரவு செலவுக் கணக்கு என்றவுடன், வேலை நாளில் களத்து மேட்டை விட்டு வர நம்மில் பலருக்கு மனம் இராது. ஆயினும் இவ்விரு பகுதிகளும் ஒரே பயிரின் வேரும் கதிருமாகும். கதிரைப் பாராட்ட ஊரே திரண்டு வருகிறது. வேருக்கு நீர் பாய்ச்சும் நாளில் எத்தனை பேர் வருகிறோம் என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

பள்ளி ஊருடையது

பள்ளிக்கூடத்தை ஊரார் பேணுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டில் திரு. காமராசர் முதலமைச்சராயிருந்தபோது பகலுணவுத் திட்டம் தொடங்கியது. அத்திட்டத்திற்கு ஊரார் அளித்த அரிசியும் காய்கறியும் விறகும் பெருந்துணையாயின. கல்வித் துறையின் இயக்குநராயிருந்த திரு. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பல ஊர்களுக்கும் பரவின. ஊரார் நாற்காலியும் கரும்பலகையும் கடிகாரமும் நிலமும் கொடுத்தார்கள். அதே 1958இல் இயற்றப்பட்ட ஊராட்சிச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. பின்னர், 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். எனினும் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்னும் பெயர்ப் பலகை இன்றும் வாயிலில் நிற்கிறது. அப்பெயருக்குப் பொருள் தருவது நம் கடமையாகும்.

அன்று ஊராரின் விருப்பமாக இருந்தது இன்று சட்டம் தந்த உரிமையாகிவிட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாக இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுடைய பெற்றோர்க்கு உரிய இடம் உண்டு. பெற்றோருள் ஒருவரே தலைவர், தலைமையாசிரியர் கூட்டுநர். நம் மாநிலத்தில் 2022இல் இக்குழுக்கள் இருபது உறுப்பினரோடு புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து உறுப்பினர் தொகை 24 ஆயிற்று.

சட்டம் இக்குழுவுக்குத் தந்துள்ள வேலைகள் தெளிவானவை. பள்ளியின் நடப்பைக் கண்காணித்தல், பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுதல், அரசும் பிறரும் அளிக்கும் நிதி முறையாகச் செலவாகிறதா என்று பார்த்தல் ஆகியவையே அவை. பத்தாம் நூற்றாண்டிலே நம் உத்தரமேரூர் மக்கள் குடவோலையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்தபோது, கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்தில் இடம்பெறக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆகவே கணக்கைக் கேட்பது ஆசிரியரை ஐயுறுவதாகாது. அது ஊராட்சியின் பழைய ஒழுக்கம். கேட்குமுன்பே கணக்கை எடுத்து வைக்கும் தலைமையாசிரியர்க்கு அதனால் மதிப்பே உயரும்.

மாதக் கூட்டத்தில் செய்வன

நாம் பார்வையிடும் பள்ளிகள் சிலவற்றில் தீர்மானப் புத்தகம் மிக அழகாக இருக்கிறது. கையொப்பங்கள் நிரம்பியிருக்கின்றன. ஆனால் 'பள்ளி வளர்ச்சி குறித்து விவாதிக்கப்பட்டது' என்ற ஒரே வரி மாதந்தோறும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. எதைப் பற்றி விவாதித்தார்கள், யார் எதைச் செய்ய ஒப்புக்கொண்டார்கள், சென்ற மாதம் ஒப்புக்கொண்டது நிறைவேறிற்றா என்பதற்கு விடை இல்லை. வீட்டுக்கு வந்து கையொப்பம் வாங்கிச் செல்லும் கூட்டம் கூட்டமாகாது. விதைக்காத வயலுக்கு அறுவடைக் கூலி கொடுத்தது போன்றதே அது.

நல்ல கூட்டத்திற்கு ஒரு மணி நேரம் போதும். முதலில் சென்ற கூட்டத்தின் தீர்மானங்களைப் படித்து, ஒவ்வொன்றும் என்னவாயிற்று என்று கேட்க வேண்டும். இரண்டாவதாக வருகைப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். எத்தனை பேர் வந்தனர் என்பதோடு நில்லாமல், எந்தப் பிள்ளை தொடர்ந்து வரவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றாவதாக உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாயிற்று. சமையற் கூடத்தையும் இருப்பையும் பார்த்து, பிள்ளைகளோடு அமர்ந்து உண்டு பார்க்கும் தாய்மாரின் கண்ணுக்குத் தப்புவது எதுவும் இல்லை. நான்காவதாகக் குடிநீரும் கழிப்பறையும். ஐந்தாவதாகக் கட்டடம். ஆறாவதாக வரவு செலவு.

குடிநீர்க் குழாய், கழிப்பறைத் தூய்மை, சுற்றுச்சுவர் ஆகியவற்றில் ஊராட்சிக்கும் ஒன்றியத்திற்கும் பங்கு உண்டு. ஆதலின் ஊராட்சி உறுப்பினர் கூட்டத்திற்கு வராமற்போனால், பாதி அலுவல் விடை கிடைக்காமல் நின்றுவிடும். குழுவின் தீர்மானம் எமது அலுவலகத்திற்கு வரும்போது எப்படி வர வேண்டும் என்பதையும் கூறிவிடுகிறோம். 'கட்டடம் பழுது, ஆவன செய்க' என்று எழுதினால் பொறியாளர் எதைப் பார்ப்பார்? 'இரண்டாம் வகுப்பறையின் வடபுறக் கூரையில் இன்ன இடத்தில் காரை பெயர்ந்துள்ளது, மழையில் ஒழுகுகிறது, பிள்ளைகளை வேறு அறையில் அமர்த்தியுள்ளோம்' என்று நாளிட்டு எழுதினால், அக்கடிதம் தானே பேசும். அதன் படியைக் கோப்பில் வைத்து, அடுத்த மாதம் விடையைக் கேளுங்கள். கேட்கும் குழுவுக்கு விடை அளிப்பது அலுவலகத்தின் கடமை.

வென்ற பின் இழந்த உதவித்தொகை

இனி, சாதனைக்கு வருவோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு ஒன்று உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருக்க வேண்டும். தெரிவு பெறும் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும்; நான்கு ஆண்டுகளில் ரூ.48,000. ஊரகப் பகுதி மாணவர்க்கென ஒன்பதாம் வகுப்பில் தனித் திறனாய்வுத் தேர்வும் உண்டு. அதில் மாவட்டந்தோறும் 50 மாணவரும் 50 மாணவியரும் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். ஓரேக்கர் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு இத்தொகையின் அருமை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

நாம் அறிந்த நடுநிலைப் பள்ளி ஒன்றில், கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி இத்தேர்வில் வென்றாள். விழா எடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், சுவரொட்டியும் ஒட்டினார்கள். அவள் ஒன்பதாம் வகுப்பிற்கு அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றாள். முதலாண்டுத் தொகை வந்தது. இவ்வுதவியை ஆண்டுதோறும் இணையத் தளத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பது வீட்டாருக்குத் தெரியாது. பழைய பள்ளி, பிள்ளை போய்விட்டாள் என்று இருந்தது. புதிய பள்ளி, அவள் பெயர் தன் பட்டியலில் உண்டென்பதை அறியவில்லை. இரண்டாம் ஆண்டுத் தொகை வரவில்லை. தகப்பனார்க்கு உடல்நலம் கெட்டபோது, 'பணம் வராத படிப்பு எதற்கு?' என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அவள் பத்தாம் வகுப்பின் நடுவில் நூற்பாலை வேலைக்குப் புறப்பட்டாள்.

பழைய பள்ளியின் குழுவில் இருந்த முன்னாள் மாணவர் ஒருவர் இச்செய்தியைக் கேள்வியுற்று மாதக் கூட்டத்தில் எழுப்பினார். குழுத் தலைவியும் ஊராட்சி உறுப்பினரும் அவள் வீட்டிற்குச் சென்று பேசினர். மூன்றாம் முறை சென்றபோதுதான் பெற்றோர் இசைந்தனர். பெண் பள்ளிக்குத் திரும்பினாள். விட்டுப்போன ஆண்டின் தொகை கிடைக்கவில்லை. அன்று முதல் அக்குழு தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், இப்போது படிக்கும் பள்ளி, புதுப்பித்த நாள் ஆகியவை அதில் எழுதப்படுகின்றன. வேலை சிறியது, ஒரு பேனாவும் பத்து நிமிடமும் வேண்டும். மேடையில் போர்த்திய சால்வையால் ஆகாதது இந்தப் பட்டியலால் ஆகிறது.

தேர்வு எழுதுமுன்னும் இத்தகைய தடைகள் உள. வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று படிகள். ஆதார் அட்டையில் ஒருவகையாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு வகையாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தால் பணம் வந்து சேராது. கடைசி நாளில் ஓடினால் கணினி மையத்தில் கூட்டம் நெரியும். பள்ளி திறந்த முதல் திங்களிலேயே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் சான்றுகளைக் குழு சரிபார்த்துவிட்டால், அறிவுள்ள பிள்ளை ஒரு தாளுக்காகத் தோற்க மாட்டாள்.

அரசுப் பள்ளியிலே ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்றவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் இது விரிந்தது. பிள்ளையை இடையில் பள்ளி மாற்ற எண்ணும் பெற்றோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். குழுக் கூட்டத்திலும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

விழா எவ்வாறு அமைதல் வேண்டும்?

விழா வேண்டாம் என்று நாம் கூறவில்லை, வேண்டும். தன் பெயரை ஊரார் முன்னிலையில் கேட்கும் பிள்ளையின் நெஞ்சில் அது நெடுநாள் நிற்கும். ஆனால் சில விழாக்களில் விருந்தினர்க்குப் பொன்னாடை போர்த்தவே ஒரு மணி நேரம் கழிகிறது. பிள்ளைகள் வெயிலில் அமர்ந்திருக்கின்றனர். பரிசு கொடுக்கும் நேரம் வரும்போது விருந்தினர் புறப்பட்டுவிடுகின்றனர். இம்முறையை மாற்றுவோம். பிள்ளைகளுக்குப் பந்தல்; முதலில் பரிசு; பிறகு பேச்சு. பொன்னாடைக்கு ஆகும் பணத்தில் நூலகத்திற்கு நல்ல நூல்கள் வாங்கலாம்.

யாரைப் போற்றுவது? முதல் மதிப்பெண் பெற்றவரைப் போற்றுவது முறையே. அவரோடு, ஆண்டு முழுதும் ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளையையும் போற்றுவோம். சூன் மாதத்தில் எழுத்துக் கூட்டத் தெரியாதிருந்து, பிப்ரவரியில் பாடத்தைத் தடையின்றிப் படித்த பிள்ளையை மேடைக்கு அழைத்துப் படிக்கச் சொல்வோம். கலைத் திருவிழாவில் பறை அடித்தவரையும், வட்டார விளையாட்டில் ஓடியவரையும், பள்ளித் தோட்டத்தில் கீரை வளர்த்தவரையும் அழைப்போம். பரிசை வழங்க அப்பிள்ளையின் தாயையோ தந்தையையோ மேடைக்கு வரச் செய்வோம். தாம் பள்ளிப் படி ஏறாத பெற்றோர் பலர், அன்று முதன்முறையாகப் பள்ளியின் மேடை ஏறுவார்கள். பின்னர் மாதக் கூட்டத்திற்கு அவர்களைக் கூப்பிட வேண்டுவதில்லை, தாமே வருவார்கள்.

செலவில்லாத மேடை ஒன்றும் நம்மிடம் உண்டு. அது கிராம சபை. 2022 முதல் நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் சாலை, விளக்கு, குடிநீர் பற்றிப் பேசுகிறோம். அவற்றின் இடையே கால் மணி நேரம் பள்ளிக்கு ஒதுக்கினால், பள்ளியின் கணக்கையும் படிக்கலாம், பிள்ளைகளையும் பாராட்டலாம்.

விழாவுக்கு வராத பிள்ளை

நிறைவாக ஒன்று. விழா நாளில் மேடையில் நிற்கும் பிள்ளைகளை எண்ணிவிட்டு, பதிவேட்டைக் கையில் எடுத்து, அன்று வராத பிள்ளைகளையும் எண்ணுங்கள். கரும்பு வெட்டுக்குப் பெற்றோருடன் சென்ற சிறுவன் இருப்பான். செங்கற் சூளைக்குச் சென்ற குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பர். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட சிறுமி இருப்பாள். திருமணப் பேச்சு எழுந்த பெண்ணும் இருக்கலாம். அவர்கள் எங்கே போனார்கள் என்பது ஆசிரியர்க்கு முன்னே அக்கம்பக்கத்தாராகிய நமக்குத் தெரியும். நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் தேடும் உழவர் பெருமக்கள், பள்ளி வயதுப் பிள்ளை வேலைக்கு வந்து நின்றால், 'பள்ளிக்குப் போ' என்று ஒரு சொல் சொல்லித் திருப்பி அனுப்பினால் போதும். சட்டம் செய்வதினும் அச்சொல் விரைந்து செய்யும்.

அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் தீர்மானமாக அப்பெயர்கள் இருக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, சென்று பார்க்க ஒப்புக்கொண்ட உறுப்பினரின் பெயர் இருக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில் அவர்களுள் ஓரிருவரேனும் மேடையில் நிற்பாராயின், அதுவே குழுவுக்கு ஊர் அளிக்கும் பரிசாகும்.