குழந்தையின் உயிர் காக்கும் ஒரு கரண்டி தண்ணீர்

(ஜெயமங்கலத்தில் நடந்த குழந்தை நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

கைக்குழந்தை வாந்தியெடுத்து, தண்ணீராகப் போனால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "தொக்கம் விழுந்திருக்கு", "பல் முளைக்குது", "கண்ணு பட்டிருச்சு" என்கிறோம். ஓதி ஊதுங்கள், துஆ செய்யுங்கள்; அதில் தடையில்லை. ஆனால் தொக்கம் எடுக்க அலைந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் வைரஸ்தான். அதில் முக்கியமானது ரோட்டா. 1973இல் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். தடுப்பு மருந்து வருமுன், நம் நாட்டில் வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில், நூற்றுக்குச் சுமார் 40 பேரிடம் ரோட்டா இருந்தது. நோரோ, அடினோ, ஆஸ்ட்ரோ வைரஸ்களும் உண்டு.

இவை குடலின் உட்சுவரைத் தாக்குகின்றன. உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறுகின்றன. உயிருக்கு ஆபத்து அந்த நீர்வற்றல்தான். "ஒரு ஊசி போடுங்க டாக்டர்" என்று வற்புறுத்தாதீர்கள்; ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

செய்ய வேண்டியது இதுதான். அரசு தரும் பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுவதுமாக, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. "வயிறு காயட்டும்" என்று நன்னிமார் சொன்னாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்ற பிறகும், 14 நாள் முடியும்வரை கொடுங்கள்.

கண் குழிவிழுதல், உச்சிக்குழி பள்ளமாதல், சிறுநீர் குறைதல், குடிக்க முடியாமை, துவண்டு கிடத்தல், மலத்தில் ரத்தம்: இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். போகும் வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே பெரியகுளம் அரசு மருத்துவமனைக்கோ, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். 108ஐ அழையுங்கள்.

வருமுன் காக்கவும் வழி உண்டு. தமிழக அரசு 2017 முதல் ரோட்டா தடுப்பு மருந்தை இலவசமாகத் தருகிறது. 6, 10, 14ஆவது வாரங்களில் வாய்வழியாகக் கொடுப்பார்கள். இந்தியாவில் உருவான ரோட்டாவாக் மருந்து டெல்லி, புனே, வேலூர்க் குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டது. எல்லா வயிற்றுப்போக்கையும் இது தடுக்காது. ரோட்டாவின் கடுமையைப் பெருமளவு குறைக்கும். தவணை தவறியிருந்தால் கிராம செவிலியரிடம் கேளுங்கள். ஒரு வயதுக்குள் முதல் தவணையைத் தொடங்கலாம்.

அத்தாமார்களே, தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.