பிறர் காணாத வீரர்

ஐக்கிய அமெரிக்காவிலே கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. அதன் முதற் பிரிவில் மாத்திரம் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் போட்டியிடுகின்றன. கான்சாஸ், டியூக் போன்ற பெரும் பல்கலைக்கழகங்கள் அழைத்தால், திறமை மிக்க மாணவர் பெரும்பாலும் அங்கேயே சென்றுவிடுவர். அங்ஙனமாயின், பொருளும் புகழும் நடுத்தரமாயுள்ள ஒரு கல்லூரி தன் அணிக்கு வீரரைச் சேர்ப்பது எவ்வாறு?

பெரியோர் நாடும் வீரரையே தானும் நாடுவது வீண். அவர்கள் பாராத இடத்தைப் பார்ப்பதே வழி. கலிபோர்னியாவிலுள்ள செயின்ற் மேரிஸ் கல்லூரியில் 2001ஆம் ஆண்டு பொறுப்பேற்ற பயிற்றுநர் ராண்டி பெனற், கடல் கடந்து அவுஸ்திரேலியாவில் வீரரைத் தேடினார். ஒருவர் வந்து சிறப்புற்றதைக் கண்டு மற்றொருவர் வந்தார். அவ்வாறு வந்தவர்களுள் பற்றி மில்ஸ் 2014இலும், மத்தியூ டெலவடோவா 2016இலும், தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் வாகை சூடிய அணிகளில் இடம்பெற்றனர்.

இடத்தைப் போலவே உடலமைப்பும் கண்களை மறைப்பதுண்டு. ஸ்டெஃபன் கரி பாடசாலை மாணவனாயிருந்தபோது மெலிந்த உடலினன். தந்தையார் ஆடிய வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகமும் அவனுக்குப் புலமைப்பரிசில் வழங்க முன்வரவில்லை. வட கரோலினாவில், 2,000க்கும் குறைந்த மாணவரையுடைய டேவிட்சன் கல்லூரியின் பயிற்றுநர் பொப் மக்கிலப் அவனை ஏற்றார். 2006இல் தன் முதலாவது கல்லூரி ஆட்டத்தில் அவன் 13 தடவை பந்தைப் பறிகொடுத்தான். ஆயினும் பயிற்றுநர் அவனை ஒதுக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே அவன் 32 புள்ளிகள் பெற்றான். 2008இல், தேசியப் போட்டியில் மூன்று அணிகளை வென்ற டேவிட்சன், அவ்வாண்டின் வெற்றிவீரரான கான்சாஸிடம் 59க்கு 57 என்ற கணக்கிலேயே தோற்றது.

ஆக, கூர்ந்த பார்வையும் பொறுமையுமே நடுத்தரக் கல்லூரியின் மூலதனம். அம்மூலதனத்துக்கு இன்று ஓர் ஆபத்து நேர்ந்துள்ளது. முன்னர் கல்லூரி மாறும் வீரர் பொதுவாக ஓராண்டு ஆடாதிருத்தல் வேண்டும். 2021இல் அத்தடை தளர்ந்தது. தம் பெயரையும் புகழையும் கொண்டு வீரர் பணம் ஈட்டவும் அவ்வாண்டே அநுமதி கிடைத்தது. 2025 முதல் கல்லூரிகளே நேராகப் பணம் வழங்கலாம். இதனால், சிறிய கல்லூரி நட்டு நீரூற்றிய மரத்தின் கனியைப் பெரிய கல்லூரி பறித்துச் செல்லுதல் எளிதாயிற்று. வீரரை வீட்டிலிருந்து அழைத்துவந்தால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் அவரை மீண்டும் அழைத்தல் வேண்டும்.

எனினும் இம்மாற்றத்தில் ஒரு வாயிலும் திறந்திருக்கின்றது. பெருங் கல்லூரிகள் பிறரிடம் முதிர்ந்த வீரரை நாடுந்தோறும், பாடசாலை விட்டு வரும் இளைஞர் பலர் அழைப்பின்றி நிற்கின்றனர். அவர்களுள் ஒரு மெலிந்த சிறுவனை இனங்கண்டு, அவன் தவறுகளைப் பொறுத்து, வளரக் காலம் கொடுப்பவர் இல்லையெனில், இழப்பு ஒரு கல்லூரிக்கு மாத்திரமன்று, அவ்விளையாட்டுக்கே உரியதாகும்.