இரட்டைப் பிள்ளைகளில் சின்னது ஏன் சின்னது?

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இரட்டைப் பிள்ளை பிறந்த லயத்தில் ரெண்டு நாளைக்குத் திருவிழாக் கூட்டம்தான். ஒட்டு வாழைப்பழம் சாப்பிட்டதால்தான் இரட்டை தங்கியது என்று ஒரு பேச்சு. ராமன், லட்சுமணன் என்று பேர் வைக்கச் சொல்லி இன்னொரு பேச்சு. (ராமாயணத்தில் அவர்கள் இரட்டையர் இல்லை. லட்சுமணனோடு கூடப் பிறந்த இரட்டை சத்துருக்கனன்தான்.) வாழைப்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு கரு ரெண்டாகப் பிரிந்தால் ஒரே சாயல். ரெண்டு முட்டை தனித்தனியாகக் கருவானால் வேறு வேறு சாயல். அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்த பிறகுதான் கவலை வருகிறது. "மொதல்ல வந்தவன் கொழுகொழுன்னு இருக்கான், பின்னால வந்தவ சுண்டிப் போயிருக்கா. பின்னால பொறந்தா அப்படித்தானே?" என்று நம்மிடம் கேட்கிறார்கள்.

அப்படி இல்லீங்க. பொதுவாகப் பார்த்தால் முதலில் பிறப்பது கொஞ்சம் கூடுதல் நிறையோடு இருப்பதுண்டு. ஆனால் வித்தியாசம் சிறியது. பல வீடுகளில் பின்னால் வந்ததே பெரிதாக இருக்கும். வயிற்றில் யார் வாசலுக்குக் கிட்ட இருந்தார்களோ அவர்கள் முதலில் வருகிறார்கள். சில நிமிஷ வித்தியாசம் பிள்ளையின் வளர்த்தியை முடிவு பண்ணாது. பிரசவ நேரத்தில்தான் ரெண்டாவது பிள்ளைக்கு ஆபத்து அதிகம். முதல் பிள்ளை வெளியே வந்ததும் இது குறுக்கே திரும்பிவிடலாம், மூச்சுத் திணறலாம். ஆகவே ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்தால், ஆபரேஷன் வசதியுள்ள பெரியாஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். வலி வந்த பிறகு லொறி தேடக் கூடாது.

நிறையைத் தீர்மானிப்பது வயிற்றுக்குள் கிடைத்த சாப்பாடு. நஞ்சுக்கொடி வழியாக ஒன்றுக்கு ரத்தம் கூடவும் மற்றதுக்குக் குறையவும் போகலாம். இரட்டைப் பிள்ளைகள் 40 கிழமை நிறையும் முன்பே வந்துவிடுவதும் சாதாரணம். 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் நிறை குறைவு. ஒன்று 2.5 கிலோ, மற்றது 2 கிலோ என்றால் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். அதை டொக்டர்மார் கவனமாகப் பார்ப்பார்கள்.

இனி வீட்டில் நடப்பதைச் சொல்கிறோம். பெரிய பிள்ளை வீறிட்டு அழும், உடனே பால் கிடைக்கும். சின்னது தூங்கிக்கொண்டே இருக்கும். "இது சாதுப் பிள்ளை, தொந்தரவே இல்ல" என்று அம்மாயி மெச்சுவார். அது சாது இல்லீங்க, அழத் தெம்பில்லை! ரெண்டு மூணு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ராத்திரியிலும், எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். ரெண்டுக்கும் பால் காணாது என்று பால்மா டின் வாங்க ஓட வேண்டாம். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சப் பால் ஊறும். ஆறு மாதம் வரை அதுவே போதும். சின்னதுக்குக் கூடுதலாக ஏதும் தேவையென்றால் டொக்டர் சொல்லுவார். தாய்க்குச் சாப்பாடும் ஓய்வும் வேண்டும். அது தகப்பன்மார் பொறுப்பு, பின்வரிசையில் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும்.

கொழுந்தெடுக்கத் திரும்பிப் போனாலும் பிள்ளைக்கு ஒரு வயது வரை பால் கொடுக்க நாளுக்கு ரெண்டு தடவை நேரம் தரவேண்டும் என்பது சட்டம். பிள்ளை மடுவம் இருந்தால் தடவைக்கு அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. இது சலுகை இல்லை, உரிமை. கங்காணியிடம் தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது கார்ட். ரெண்டு பிள்ளைக்கும் தனித்தனிக் கார்ட். சின்னவளை அண்ணனோடு ஒப்பிட வேண்டாம். போன மாதம் அவள் இருந்த கோட்டோடு ஒப்பிடுங்கள். கோடு மேலே ஏறினால் அவள் நன்றாக வளர்கிறாள். படுத்துவிட்டால், பெரியவனாகவே இருந்தாலும், மிட்வைப் அம்மாவிடம் காட்ட வேண்டும். ஒரு மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு, ரெண்டு வயது வரை வளர்த்தி பார்க்கும்போது ஒரு மாதத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். (தடுப்பூசிக்குக் கழிக்கக் கூடாது.) சின்னதுக்கென்று கொடுத்த திரிபோஷாவை உருண்டை பிடித்து வீடு முழுக்கப் பங்கு வைக்கிற வழக்கமும் இருக்கிறது. சிரிக்கிறீங்க, நமக்குத் தெரியும்.

தராசு கொண்டு வந்திருக்கிறோம். கார்ட் கொண்டு வந்தவர்கள் முன்னால் வாங்க. பத்தாம் லயத்து இரட்டைப் பிள்ளைகளை முதலில் நிறுப்போம்; சின்னவளை முதலில் ஏற்றுங்கள்.