டவுன் நூலகத்தில் நமக்கும் பங்கு உண்டு

(தோட்டக் கமிட்டிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற இந்தக் கூட்டத்தில் இன்றைக்கு நூலகத்தைப் பற்றிப் பேசுகிறோம். காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்தெடுத்துவிட்டு வந்திருக்கிறவர்களுக்குப் புத்தகம் படியுங்கள் என்று உபதேசம் செய்வதற்காக அல்ல. டவுனில் பிரதேச சபை நடத்துகிற பொது நூலகத்தில் நமக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதை நம்மில் பெரும்பாலானவர்கள் இன்னும் கேட்டு வாங்கவில்லை. எப்படி வாங்குவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பத்திரிகைப் பகுதியில் உட்கார்ந்து அன்றைய பத்திரிகைகளை வாசிக்கலாம். அதற்குப் பொதுவாக அங்கத்துவமும் தேவையில்லை, காசும் தேவையில்லை. உசாத்துணைப் பகுதியில் அகராதிகள், சட்டப் புத்தகங்கள், பரீட்சை வினாத்தாள் தொகுப்புகள் இருக்கும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். அங்கேயே மேசையில் வைத்துப் படித்துக் குறிப்பெடுக்கலாம். இரவல் பகுதியில் அங்கத்தவர்கள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சிறுவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு. ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். அப்போது கட்டுரை, பேச்சு, சித்திரம் என்று பிள்ளைகளுக்குப் போட்டிகள் நடத்துவார்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் அவற்றில் பங்குபற்றலாம்.

இதில் நமக்கு என்ன இலாபம் என்று கேட்பீர்கள். இரண்டு விஷயத்தைச் சொல்கிறோம்.

ஒன்று, வர்த்தமானி. வெள்ளிக்கிழமை தோறும் வருகிற அரசாங்க வர்த்தமானியில் அரச வேலைகளுக்கான விண்ணப்ப அறிவித்தல்கள் இருக்கும். நம்முடைய பிள்ளை உயர்தரம் சித்தியடைந்துவிட்டு வீட்டில் இருக்கும். முடிவுத் திகதி போன பிறகுதான் யாரோ சொல்லி நமக்குத் தெரியவரும். இந்தக் கதை நம் ஒவ்வொரு டிவிசனிலும் உண்டு. சம்பளமும் அப்படித்தான். நாட்சம்பளம் 1000 ரூபா என்று 2021 மார்ச்சில் வந்தது வர்த்தமானியில்தான். அடிப்படை 900, வரவு செலவுத் திட்டப் படி 100 என்று அதிலே பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்தத் தாளை வாசித்தவரிடம் ஒருவர் கணக்கை மாற்றிச் சொல்ல முடியாது. உங்கள் நூலகத்துக்கு வர்த்தமானி வருகிறதா என்று முதலில் கேளுங்கள். வராவிட்டால் வரவழைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு, மேசையும் விளக்கும். லயத்துக் காம்பராவில் ஒரே அறையில் சமையல், படுக்கை, தொலைக்காட்சி, பாட்டியின் இருமல், தம்பியின் அழுகை எல்லாம் இருக்கும். அதற்குள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை பாவம். கெட்டிக்காரப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை மறந்து தோற்பதில்லை. உட்கார இடமில்லாமல் தோற்கிறார்கள். இதைப் பாடசாலையில் நாங்கள் வருடா வருடம் பார்க்கிறோம். சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் அமைதியான இடத்தில் ஒரு மேசை கிடைத்தால் அந்தப் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

அப்படியானால் இத்தனை காலம் நாம் ஏன் போகவில்லை? நமக்கு அக்கறை இல்லை என்று டவுனில் சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. 1948இல் நம்முடைய பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. அது திரும்பி வரப் பல பத்து ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. பிறகு 1987இல் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டம் கம்பனிக்குரிய இடம், சபைப் பணத்தை அங்கே செலவழிக்க முடியாது என்றார்கள். நாம் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபையே நம் பாதையையும் கிணற்றையும் தொட முடியாது என்ற நிலை. தோட்டத்துக்காரனுக்கும் சபைக்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் இரண்டு பக்கமும் ஊறிப்போனது. நூலகத்து வாசற்படியில் நமக்கு வருகிற கூச்சம் அங்கிருந்து வந்ததுதான்.

அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. தோட்டத்துக்குள்ளும் சபை சேவை செய்யலாம் என்ற நிலை வந்தது. அதே ஆண்டு நடந்த தேர்தலோடு நுவரெலியா மாவட்டத்தில் அகரபத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய புதிய பிரதேச சபைகளும் இயங்கத் தொடங்கின. ஆகவே பழைய பதிலை இனி யாரும் நமக்குச் சொல்ல முடியாது.

ஆனால் தடைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்கிறோம்.

முதல் தடை பிணை. அங்கத்தவராகச் சேர, சோலைவரி கட்டுகிறவர் அல்லது அரச ஊழியர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று பல நூலகங்களில் கேட்பார்கள். லயத்தில் இருக்கிற நமக்குச் சோலைவரி ஏது? அதனால் ஆசிரியர்களாகிய நாங்கள் பிணைக் கையெழுத்து வைக்கிறோம். புத்தகம் தொலைந்தால் பிணை நின்றவரிடம் கேட்பார்கள். ஆகவே யார் எந்தப் புத்தகம் எடுத்தார், எப்போது திருப்ப வேண்டும் என்று கமிட்டியில் ஒரு கொப்பி வைத்து எழுதுவோம். இது இப்போதைக்குச் செய்கிற வழி. தோட்டத்தில் வதிகிறார் என்ற கிராம சேவகரின் சான்றிதழே போதும் என்று விதியை மாற்றச் சொல்லிச் சபையில் கேட்பதுதான் சரியான வழி.

இரண்டாவது தடை நேரம். கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள். சனி, ஞாயிறு இரண்டில் ஒரு நாளாவது முழு நாளும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்போம்.

மூன்றாவது தடை பஸ் காசு. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று முறை வைத்துக் கூட்டிப் போவோம். அதோடு மாதம் ஒரு தடவை ஒரு பெட்டி புத்தகத்தைத் தோட்டத்துக்கு அனுப்பும்படி சபையைக் கேட்போம். அந்தப் பெட்டியைப் பிள்ளைக் காம்பராவில் வைக்கலாம், கோயில் மண்டபத்திலும் வைக்கலாம்.

நான்காவது, தமிழ்ப் புத்தகம். அலுமாரியில் சி. வி. வேலுப்பிள்ளை இருக்கிறாரா, தெளிவத்தை ஜோசப் இருக்கிறாரா, என். எஸ். எம். ராமையா இருக்கிறாரா என்று பாருங்கள். நம்முடைய மலையைப் பற்றி எழுதியவர்களின் புத்தகமே நம்முடைய நூலகத்தில் இல்லாவிட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். போன வருடம் புத்தகம் வாங்க எவ்வளவு செலவழித்தீர்கள், அதில் தமிழ்ப் புத்தகத்துக்கு எவ்வளவு என்று சபையிடம் எழுத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. தமிழில் எழுதலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கடிதத்தை நாம் சேர்ந்து எழுதுவோம்.

எழுத்து வாசிப்புத் தெரியாத தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். பிள்ளை கொண்டு வருகிற புத்தகத்தை ராத்திரியில் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைக்கு வாசிப்புத் திருந்தும், உங்களுக்குக் கதை கிடைக்கும். வர்த்தமானியில் சம்பளக் கணக்கு வந்தால் அதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தொழிற்சங்கத்துக்கும் வாசிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் யாராவது கேட்டால், கோ. நடேசய்யரை நினைத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டில் சங்கம் கட்டிய அவர் பத்திரிகையும் நடத்தினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டு எழுதி, கூட்டங்களில் பாடினார். எழுதியதை ஒருவர் வாசிக்க, பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்டுத்தான் நம் சங்கங்கள் வளர்ந்தன.

இன்றைக்கே ஒரு வேலையைத் தொடங்குவோம். கூட்டம் முடிந்து போகும்போது நூலகத்தில் சேர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். அடையாள அட்டைப் பிரதியும், பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் கொண்டு வாருங்கள். அங்கத்துவப் பணம் எவ்வளவு என்று நாங்கள் கேட்டுவந்து சொல்கிறோம். அது சபைக்குச் சபை வித்தியாசப்படும். கட்ட முடியாத குடும்பம் இருந்தால் கமிட்டியிடம் சொல்லுங்கள், வழி பார்ப்போம். தவிசாளருக்குக் கொடுக்கிற மகஜரில் நாம் சொன்ன கோரிக்கைகள் எல்லாம் இருக்கும். அதில் எல்லோரும் கையெழுத்து வையுங்கள், தெரியாதவர்கள் பெருவிரல் அடையாளம் வையுங்கள்.