முடிஞ்சதைக் கட்டுவோம், விடாம கட்டுவோம்



மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து பார்த்தப்பதான் எனக்குச் சர்க்கரை இருப்பதே தெரிஞ்சுது. பயத்துல, தினமும் ஒரு மணி நேரம் நடந்து ஒரே மாசத்துல 10 கிலோ குறைக்கிறேன்னு சபதம் போட்டேன். ஒன்பதாம் நாள் முட்டி வீங்கிப்போச்சு. 'நம்மால ஆகாது'ன்னு மூணு மாசம் விட்டுட்டேன்.

ஒரு நாள் குழுக் கணக்கு எழுதும்போது யோசிச்சேன். ஆரம்பத்துல நாம வாரம் கட்டினது 20 ரூபாய். 500 கேட்டிருந்தா பாதிப் பேர் சேர்ந்தே இருக்க மாட்டோம். முடிஞ்சதை விடாம கட்டினோம். வங்கி நம்பிக் கடன் தந்தது. உடம்பும் அப்படித்தானே?

மறுநாளே 10 நிமிஷம் நடந்தேன். வாரத்துக்கு 5 நிமிஷம் கூட்டினேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம். அதாவது ஐந்து நாள், அரை மணி. அதையும் மூணு தவணையாப் பிரிச்சுக்கலாம். வயல்ல குனிஞ்சு நிமிர்ந்து செய்யும் வேலையும் கணக்குல சேரும். தையல் மிஷின் முன்னாடி உட்கார்ந்திருப்பது சேராது.

நடந்த நாளுக்குக் காலண்டர்ல ஒரு புள்ளி வைங்க. தினமும் எடை பார்க்காதீங்க, புள்ளியைப் பாருங்க. ஒரு நாள் தவறினா மறுநாள் வைங்க. ஒரு வாரம் சேமிப்பு கட்டாதவங்களை நாம குழுவை விட்டா அனுப்பறோம்?

மாத்திரையை நான் நிறுத்தலை. ஆனா சர்க்கரை இப்போ கட்டுக்குள்ள இருக்கு. நாளைக்குக் காலையில பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக்கிட்டுக் கிளம்புங்க.