ஆயிரம் டாலரும் முப்பது நாளும்

கணினி விளையாட்டு என்றதும் துப்பாக்கியும் பந்தயக் காரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். படங்களை நம்பாமல் எழுத்தை நம்பி நடக்கும் விளையாட்டும் உண்டு. அதில் கதையைப் படிக்க வேண்டும். கதை கேட்கும் கேள்விக்கு முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவுக்கு ஏற்பக் கதை திரும்பும்.

1970களின் நடுவில் வில் குரோதர் என்ற அமெரிக்கர் இவ்வகையில் ஒரு விளையாட்டை எழுதினார். குகைக்குள் புகுந்து புதையல் தேடும் கதை அது. பின்வந்தவர்கள் புதையலை விட்டுவிட்டு, வாடகை, மருந்து, பள்ளிச் செலவு என்று அன்றாட வாழ்க்கையையே கதையாக்கினார்கள்.

அத்தகைய ஒன்றுதான் 2011இல் வெளிவந்த 'ஸ்பென்ட்'. செலவழிந்து போயிற்று என்பது அதன் பொருள். அமெரிக்காவின் டர்ஹம் நகரில் வீடில்லாதவர்களுக்கு உணவும் தங்குமிடமும் தரும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக, மெக்கின்னி என்ற விளம்பர நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது.

விளையாடுபவருக்கு வேலை போய்விட்டது, வீடும் போய்விட்டது. பிள்ளையைத் தனியாக வளர்க்க வேண்டும். கையில் இருப்பது 1,000 டாலர். அதைக் கொண்டு 30 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும்.

முதலில் ஒரு வேலை தேட வேண்டும். உணவகமா, கிடங்கா, அலுவலகமா? அடுத்தது வீடு. நகரத்துக்கு அருகில் வாடகை அதிகம். தள்ளிப் போனால் வாடகை குறையும். போக்குவரத்துச் செலவு ஏறும். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை. பல் வலிக்கிறது, வைத்தியம் பார்ப்பதா, பொறுத்துக்கொள்வதா? வண்டி பழுதாகிறது, பழுது பார்ப்பதா, வேலைக்குப் போகாமல் இருப்பதா? எப்படியோ 30 நாளையும் கடந்துவிட்டவருக்கு விளையாட்டு ஒரு செய்தி சொல்கிறது: வாடகை நாளைக்குக் கட்ட வேண்டும்!

சம்பளத்தன்றே கடைக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்து, பிடித்தம் போக மிஞ்சியதை எண்ணிப் பார்த்த நம் தாய்மார்களுக்கு இது புதிய கதையா? அவர்கள் மாதந்தோறும் நடத்திய கணக்குத்தானே!

வறுமையை அறியாதவர்கள் இதை விளையாடினால் ஏழைகள்மேல் இரக்கம் கொள்வார்கள் என்றுதான் எல்லாரும் எண்ணுவோம். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜினா ரூசோஸ், ஜான் டொவிடியோ என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்பார்த்த மாற்றம் நிகழவில்லை. உழைத்தவன் உயர்வான் என்று உறுதியாக நம்பியவர்களிடம் இந்த விளையாட்டு பரிவை வளர்க்கவில்லை.

காரணம் என்ன? விளையாட்டில் முடிவெல்லாம் நம் கையில் இருக்கிறது. ஆகவே வறுமையும் அவரவர் கையில்தான் இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 'நான் சமாளித்தேன், அவனால் ஏன் முடியாது?' என்று மனம் கேட்கிறது. ஆனால் வாழ்க்கை மூன்று வேலைகளை வரிசையாக வைத்து, 'எது வேண்டும்?' என்று நம்மைக் கேட்பதில்லை. நோய் வரும்போது விலைச் சீட்டோடு வருவதில்லை. தோற்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவும் வழியில்லை.

நேயர்களே, இந்த விளையாட்டை நம் வீட்டிலேயே நடத்திப் பார்க்கலாம். கணினி வேண்டாம், காகிதம் போதும். ஒரு மாத வருமானத்தை ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளிக் கட்டணம், காய்ச்சல், உறவினர் திருமணம், மழையால் வேலையில்லாத நாள் என்று பத்துச் சீட்டுகள் எழுதி மடித்துப் போடுங்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுக்கட்டும். எடுத்த சீட்டுக்கு என்ன செய்வது என்று குடும்பமாகப் பேசி, செலவைக் கழித்துக்கொண்டே வாருங்கள். கையிருப்பு எங்கே கரைகிறது, எந்தச் செலவைத் தள்ளிப் போடலாம், எதைத் தள்ளக் கூடாது என்பது பிள்ளைகளுக்கும் விளங்கும்.

அந்தப் பத்தில் இரண்டு சீட்டுகளில் மட்டும், எந்த வழியும் காட்டாமல், இழப்பை மட்டும் எழுதுங்கள். அதை எடுக்கும் பிள்ளை, 'இதற்கு நான் என்னம்மா செய்ய முடியும்?' என்று கேட்கும். அப்போது சொல்லுங்கள்: அடுத்த வீட்டாருக்கு இந்தச் சீட்டு விழுந்திருக்கலாம், அவர்களைக் குறை சொல்லுமுன் அதை நினைத்துப் பார் என்று.

கணக்கும் பரிவும் ஒருசேரக் கற்ற பிள்ளை வீட்டுக்கும் துணை, ஊருக்கும் துணை.