தேயிலை மலைகளில் விழும் நீல ஒளி



ஒளியை விஞ்சி எப்பொருளும் செல்லாது என்பது பௌதிகவியலின் உறுதியான கூற்றுகளுள் ஒன்று. ஆயினும் அக்கூற்று வெற்றிடத்தில் ஒளி கொள்ளும் வேகத்தை, அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றரை மட்டுமே குறிக்கிறது என்பது பெரும்பாலும் மறந்துபோகிறது. நீரின் முறிவுச் சுட்டி 1.33 ஆதலால், அதனுள் புகுந்த ஒளியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சத்து 25 ஆயிரம் கிலோமீற்றராகக் குறைந்துவிடுகிறது. அந்நீரிலேயே ஓர் இலத்திரன் அதனினும் விரைந்து செல்வதை எந்த விதியும் தடுப்பதில்லை. ஏற்றம் கொண்ட அத்துணிக்கை தன் வழியிலுள்ள மூலக்கூறுகளின் ஏற்றங்களைச் சற்றே இடம்பெயர்த்துச் செல்ல, அவை பழைய நிலைக்கு மீளும்போது சிற்றலைகள் பிறக்கின்றன. துணிக்கை மெதுவாகச் சென்றால் இவ்வலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒளியை முந்திச் சென்றாலோ, விரையும் படகின் இருபுறமும் நீரலை ஆப்பு வடிவில் விரிவது போல, அவை ஒன்றுகூடிக் கூம்பாய் விரிந்து ஒளிர்கின்றன. குறுகிய அலைநீளங்களிலேயே இவ்வொளி மிகுதியாகப் பிறப்பதால் கண்ணுக்கு நீலமாகத் தோன்றுகிறது. மும்பைக்கு அருகே டிராம்பேயில் 1956 ஓகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலையின் நீர்த்தடாகத்தில் ஒளிர்ந்த நீலமும் இதுவே.

'செரன்கோவ் ஒளி' என இதற்குத் தம் பெயரைத் தந்த பாவெல் செரன்கோவ் ரஷ்யாவின் வொரோனேஷ் வட்டாரத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் 1904இல் பிறந்தவர். ரேடியத்தின் கதிர்கள் பட்ட திரவங்களில் மங்கலான நீலம் தெரிவதை மேரி கியூரி முதலியோர் முன்னரே கண்டிருந்தபோதிலும், அதைச் சாதாரண உடனொளிர்வு என்றே பலரும் கருதி விட்டுவிட்டனர். பௌதிகவியலாளர் வாவிலோவின் மேற்பார்வையில் ஆய்ந்த செரன்கோவ், கண் இருளுக்குப் பழகும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டறையில் அமர்ந்திருந்து, அதன் பின்னரே ஒளியை அளக்கத் தொடங்குவார். தூய நீரும் ஒளிர்வதையும், உடனொளிர்வை அடக்கும் பொருள்களைச் சேர்த்தாலும் அவ்வொளி மங்காததையும் 1934இல் எடுத்துக்காட்டினார். அன்று அவருடைய தலையாய கருவி அவருடைய கண்ணே. 1937இல் பிராங்க், தாம் என்ற பௌதிகவியலாளர் இருவரும் கோட்பாட்டு விளக்கம் தந்தனர். அதே ஆண்டு செரன்கோவ் அனுப்பிய கட்டுரையை 'நேச்சர்' இதழ் ஏற்க மறுத்தது. 1958இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புகழ்பெற்ற இதழின் மறுப்பு இறுதித் தீர்ப்பாகிவிடாது என்பதை இளம் ஆய்வாளர்கள் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

நீரில் நிகழ்வது காற்றிலும் நிகழும். விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்களும் காமாக் கதிர்களும் வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் மோதி எண்ணற்ற துணிக்கைகளைப் பொழிய, அவை காற்றில் ஒளியை முந்துகின்றன. காற்றின் முறிவுச் சுட்டி 1.0003 மட்டுமே ஆதலால் கூம்பு ஒரு பாகையளவே விரிகிறது. ஒளியும் சில நானோசெக்கன்களே, அதாவது செக்கனின் நூறு கோடியில் சில பங்கே, நீடிக்கிறது. இரவு வானின் ஒளியில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு இவ்வகையது என்று பௌதிகவியலாளர் பிளாக்கெற் 1948இல் கணித்தார். 1952இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கல்பிரெய்த், ஜெல்லி என்ற ஆய்வாளர் இருவரும் ஒரு குப்பை வாளிக்குள் கண்ணாடியையும் ஒளிபெருக்கிக் குழாயையும் பொருத்தி அதைப் பதிவுசெய்தனர்.

நாம் கூடியிருக்கும் அப்புத்தளைக்கு உறவு போன்றதொரு தேயிலை மலையிலும் இம்முயற்சி நடந்தது. பல்சார் எனப்படும் துடிக்கும் விண்மீன்கள் கண்டறியப்பட்ட சிறிது காலத்துக்குள், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் நீலகிரியில் ஊட்டியில் தேடுவிளக்குக் கண்ணாடிகளை வானத்தை நோக்கித் திருப்பி, பல்சார்களிலிருந்து வரும் காமாக் கதிர்களைச் செரன்கோவ் ஒளி வழியே தேடினர். பின்னர் அப்பணி மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்கும், அதன் பின் இலடாக்கின் ஹன்லேக்கும் சென்றது. ஹன்லேயில் ஏறத்தாழ 4,300 மீற்றர் உயரத்தில் 21 மீற்றர் விட்டக் கண்ணாடி கொண்ட மேஸ் என்ற செரன்கோவ் ஒளித் தொலைநோக்கி 2024 ஒக்டோபர் 4 அன்று திறந்துவைக்கப்பட்டது.

அப்புத்தளையில் அத்தகைய நிலையம் அமையும் என்று சொல்வது வெறும் மேடை அலங்காரமாகவே முடியும். பிற்பகலிலேயே பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மூடுபனி அதற்கு இடம் தராது. ஆனால் ஒளி இடம் பார்த்து விழுவதில்லை. நிலவற்ற தெளிந்த இரவில் தம்பேதென்னைக் கொழுந்து மலையின் மீதும், லயங்களின் தகரக் கூரைகளின் மீதும், ஏறத்தாழ 250 மீற்றர் அகல வட்டங்களாக அந்த நீலம் விழுந்து, கண் உணருமுன் மறைகிறது.

அதை அளக்க இங்கே கருவி இல்லாவிட்டாலும், அதை விளங்கிக்கொள்ள வேண்டிய பாடம் இங்கே இருந்தாக வேண்டும். தோட்டத்துப் பிள்ளை உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்க விரும்பி, ஆசிரியர் இல்லாமையால் வேறு பிரிவுக்குத் திரும்பும் நிலை இன்னும் மாறவில்லை. இவ்வவையிலுள்ள பட்டதாரிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மாதத்தில் ஒரு சனிக்கிழமையையேனும் ஒதுக்கி, அப்பாடத்தைத் தமிழில் கற்பிக்க இன்றே பெயர் கொடுத்துச் செல்லுமாறு வேண்டப்படுகின்றனர்.